ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?

மரியே வாழ்க

கொரட்டூர்,
18 ஜனவரி 1993

அன்புள்ள கிளமென்ட்,

உன் மனைவி வியாழக்கிழமை வந்து சேர்ந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணியை, இரண்டு ஊர்களில் விமானம் மாற வைத்து, துணை இல்லாமல் அனுப்பியிருக்கிறாய். மீனம்பாக்கத்தில் அவள் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. அதில் என் பெயரும் விலாசமும் உன் கையெழுத்தில் இருந்தன. பார்சலுக்குக் கட்டுவது போலக் கட்டியிருந்தாய்.

இடது முன்கையில் மாவுக்கட்டு. பனியில் படி சறுக்கி விழுந்தாள் என்று எழுதியிருக்கிறாய். பின் போர்ஷனில் குடியிருக்கும் சாமுண்டீஸ்வரிதான் அவளுக்கு வெந்நீர் ஊற்றினாள். அவளுடைய புருஷன் ஆவடி தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சாமுண்டீஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம். வெளியே வந்து என்னிடம் சொல்கிறாள்: "இன்னாம்மா, படில உழுந்துச்சாமே? தோள்பட்டைல பாத்தியா? அஞ்சு வெரலும் அப்டியே பதிஞ்சிகினு கீது. படிக்கட்டுக்கு வெரலு கீதா?" என் வீட்டில் வம்பு பேசக் கூடாது என்று கண்டித்து அனுப்பினேன். நீ எழுதியதை நம்புகிறேன். என் மகன் பொய் எழுத மாட்டான்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவதுதான் நம்மில் முறை. அங்கே அந்த வழக்கமே கிடையாது, பெண் புகுந்த வீட்டில்தான் பிள்ளை பெறுவாள் என்கிறாய். எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த நாட்டுப் பெண்களுக்குத் தாய் இல்லையா?

எதைக் கேட்டாலும் நொரிகோ "தைஜோபு" என்கிறாள். ஜப்பானியத்தில் பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று பொருளாம். சோறு போதுமா? தைஜோபு. கை வலிக்கிறதா? தைஜோபு. ஒரே கூரையின் கீழ் இருப்பவளிடம் கைஜாடை காட்டிக்கொண்டு என்னால் காலம் தள்ள முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போகிற தொழிலாளர்களுக்கு எத்திராஜ் என்பவர் மாலையில் பேச்சு ஜப்பானியம் கற்றுத் தருகிறார். சேர்ந்துவிட்டேன்.

உன் கடிதத்தில் இரண்டு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தாய்,
ஞானசௌந்தரி ராயப்பன்


ஹமாமாட்சு,
6 பிப்ரவரி 1993

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். எனக்கு முப்பத்திநான்கு வயது. இங்கே என் கீழே பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

உங்கள் வயதில் ஜப்பானியம் எதற்கு? பஸ் பிடித்து, அந்த ஃபிட்டர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து? ஊர் சிரிக்கும். நொரிகோவுக்குப் பேச்சு குறைவு, புத்தி மந்தம். எதைச் சொன்னாலும் ஒரு தரத்தில் ஏறாது. போன மாதம் லைனில் ஒரு பையன் இப்படித்தான் முழித்துக்கொண்டு நின்றான், ஸ்பானரால் தோளில் ஒன்று வைத்தேன், அன்றிலிருந்து சரியாக இருக்கிறான். சிலருக்கு அதுதான் புரிகிற பாஷை. உங்களுக்கு இது தெரியாததா? வகுப்பில் ஸ்கேல் இல்லாமல் உங்களை நான் பார்த்ததே இல்லை.

அவளுக்கு வீட்டு வேலை கொடுங்கள். அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுத விடாதீர்கள். அந்தக் கிழவி கண்டதைச் சொல்லி அவள் மனசைக் கெடுப்பாள். பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது. ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிற நம்ம ராயபுரம் ஆள், முத்திரை குத்தியதும் வாங்கி எனக்கு அனுப்பிவிட்டான். தொலைத்துவிடுவாள் என்று பயம்.

அந்தச் சாமுண்டீஸ்வரியை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

கிளமென்ட்


மரியே வாழ்க

கொரட்டூர்,
10 மார்ச் 1993

கிளமென்ட்,

இதை உட்கார்ந்து படி.

எத்திராஜின் வகுப்பு ஒரு தையற்கடை மாடியில் நடக்கிறது. முதல் நாள் என்னைப் பார்த்து ஒரு டர்னர், "பாட்டிம்மா, நீ ஜப்பான் போயி லேத் ஓட்டப் போறியா?" என்று கேட்டான். "நீ ஓட்டுவதைவிட நேராக ஓட்டுவேன்" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஜன்னலோர இடம் தந்துவிட்டார்கள். எத்திராஜ் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்ல விடுகிறார். அது சோம்பேறித்தனம். எங்கள் மடத்துப் பள்ளியில் கேள்வியிலிருக்கும் எல்லாச் சொற்களும் விடையில் வர வேண்டும். "ஆம்", "இல்லை" என்று நிறுத்தினால் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். மொழி அப்படித்தான் வாயில் ஊறும். வகுப்பில் கற்றதை வீட்டில் நொரிகோவுடன் அந்த முறையில் பயிற்சி செய்தேன். நான் கேட்பேன், அவள் முழு வாக்கியத்தில் விடை சொல்வாள். பிறகு அவள் கேட்பாள், நான் சொல்வேன். "தைஜோபு" என்ற சொல்லுக்கு மட்டும் என் வீட்டில் தடை போட்டேன்.

பழங்கள், நிறங்கள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் முடித்தோம். நேற்று அன்றாட வழக்கம் பற்றிய பாடம். "நிச்சியோபி நி நானி ஓ ஷிமாஸ் கா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்? பாடத்தில் உள்ள விடை: ஞாயிற்றுக்கிழமை நான் பூங்காவுக்குப் போகிறேன்.

 முழு வாக்கியம் என்று நொரிகோவுக்கு நினைவுபடுத்தினேன். அவள் என் பாடத்தில் உள்ள சொற்களாகப் பொறுக்கி, மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மது குடிக்கிறார். பிறகு என் கணவர் என்னை அடிக்கிறார். பிறகு நான் தரையைக் கழுவுகிறேன்."

அடிப்பதற்கான சொல் எங்களுக்கு இன்னும் வரவில்லை. புரியவில்லை என்றேன். தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்து காட்டினாள். அந்தச் சொல்லை இப்போது கற்றுக்கொண்டேன்.

"எதனால் போகிறீர்கள்? பேருந்தினால் போகிறேன்" என்பது எங்கள் ஐந்தாம் பாடம்; எதைக் கொண்டு என்பதை அந்த மொழியில் அப்படித்தான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த கேள்வி அதுதான். எதனால் அடிக்கிறார் என்று கேட்டேன்.

"கையினால் அடிக்கிறார். பெல்ட்டினால் அடிக்கிறார். டிசம்பரில் இஸ்திரிப் பெட்டியினால் அடித்தார்."

எங்கே அடிக்கிறார்? "சமையலறையில் அடிக்கிறார். குளியலறையில் அடிக்கிறார்."

யார் இருந்தார்கள்? "என் அப்பா இருந்தார். என் அப்பாவைப் பனியில் தள்ளினார். என் அப்பா இப்போது நடக்கிறதில்லை."

குழந்தை வருவது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "என் கணவருக்குத் தெரியும்" என்று சொல்லி, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, காலைத் தூக்கிக் காட்டினாள். அதற்குச் சொல் வேண்டியிருக்கவில்லை.

இத்தனையும் அவள் அழாமல், ஒரு சொல் விடாமல் சொன்னாள். நான்தான் நடுவில் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை.

இன்று சாமுண்டீஸ்வரியை அழைத்து நொரிகோவின் முதுகைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் முனை தெளிவாகத் தெரிகிறது. சாமுண்டீஸ்வரி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியிலேயே சொன்னவள் அவள். வம்பு என்றவள் நான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் ஊரில் தலைப்பிரசவத்துக்குப் பெண் எங்கே போவாள்? "என் ஊரில் பெண் தன் தாயின் வீட்டுக்குப் போகிறாள்" என்றாள். நம் வழக்கமேதான். கைக்குக் கட்டுப் போட்ட மருத்துவமனையில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள் என்றும் சொன்னாள். அவர்கள் கேட்கத் தொடங்கியதும், அவள் தாய் கண்ணில் படாமல் இருக்க, நீ இவளை என்னிடம் ஒளித்து வைத்திருக்கிறாய். என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தாய் என்று எழுது. நான் கேட்க மாட்டேன் என்றா?

ஞானசௌந்தரி ராயப்பன்


ஹமாமாட்சு,
24 மார்ச் 1993

அம்மா,

நாற்பது வார்த்தை கற்றுக்கொண்டு நீதிபதி ஆகிவிட்டீர்களா?

அவள் பொய்க்காரி. ஐந்து வருஷம் அவளோடு வாழ்ந்தவன் நான், இரண்டு மாதம் பொம்மைப் பாடம் நடத்தியவர் நீங்கள். அவள் எப்படி முறைப்பாள் தெரியுமா? ஒரு வார்த்தை பேசாமல், சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, அப்படியே நிற்பாள். ஷாப் ஃப்ளோரில் அவர்கள் என்னைக் குனிய வைக்கிறார்கள். இந்தியன் என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அந்தப் பார்வை. எந்த ஆண்பிள்ளை பொறுப்பான்?

அப்பா உங்கள் மேல் கை வைத்ததே இல்லையா? நான் குழந்தை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தீர்களா? மறுநாள் காலையில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனீர்கள். நற்கருணை வாங்கினீர்கள். ஸ்கூலுக்கு வந்து எங்களுக்கு ஆங்கிலம் நடத்தினீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அது குடும்பம்.

மே முதல் வாரம் லீவு எடுத்து வருகிறேன். அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். பெட்டி கட்டி வையுங்கள். நடுவில் நிற்காதீர்கள். பெற்றவள் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

கிளமென்ட்


மரியே வாழ்க

கொரட்டூர்,
20 ஏப்ரல் 1993

கிளமென்ட்,

பதினான்காம் தேதி பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. இடது காலில் ஒரு விரல் மற்ற விரல்களோடு சேராமல் வளைந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது பட்ட அடியா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான் சொல்கிறேன்.

உன் அப்பா என்னை அடித்தார். நீ பார்த்தாய் என்பது உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு மொழிகள் கைவசம் இருந்தன. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்லியிருப்பேன். கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. பங்குச்சாமியார் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் சாமி என்றேன். அவரும் அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ ஒருவன்தான். பார்த்துவிட்டு, அடிப்பதைக் கற்றுக்கொண்டாய்.

எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்கிறாய். என்ன ஆனது என்று நீ வந்தால் தெரிந்துகொள்வாய்.

மே மாதம் வராதே. வந்தால் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதே. நொரிகோ உன்னோடு வரமாட்டாள். நான் மறைத்துப் பேசுகிறவள் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஞானசௌந்தரி ராயப்பன்


பூந்தமல்லி,
11 மே 1993

உங்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாக இருக்கிறது, சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பழைய பிடி வராது என்கிறார் டாக்டர். மைக்ரோமீட்டர் பிடித்து அளவு பார்க்கிற கை. அது போனால் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். பெற்ற தாய் உலக்கையால் அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வது? விழுந்துவிட்டேன் என்றேன்.

நான் டிக்கெட்டோடுதான் வந்தேன். மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். அவள் பின்கட்டுக்கு ஓடினாள். முடியைப் பிடித்தேன், அவ்வளவுதான். அம்மிக்கல்லில் அவள் தலை இடித்தது நான் வேண்டுமென்று செய்ததா? அவள் கத்தியதால்தான் நான் அவள் வாயைப் பொத்தினேன். என் கையில் அவள் முடி சுற்றியிருந்தது. நீங்கள் சமையலறையிலிருந்து பூண் போட்ட உலக்கையோடு வந்தீர்கள். உங்கள் முகத்தில் கோபமே இல்லை. கரும்பலகையில் கோடு போட வருகிற மாதிரி வந்தீர்கள். முதல் அடியிலேயே விட்டுவிட்டேனே. இரண்டாவது அடி எதற்கு? சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். முதல் அடி அவளுக்காக என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது எதற்கு?

அந்தச் சாமுண்டீஸ்வரி என்னைத் தெருவரை இழுத்துக்கொண்டு போனாள். அவள் புருஷனும், நீங்கள் காவலுக்கு நிறுத்தியிருந்த உங்கள் வகுப்பு ஃபிட்டர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். "பெத்தவ அட்ச்சா அத்தோட போச்சு நைனா. நாங்க அட்ச்சா போலீசு, கேசுன்னு ஆவும். இவனுங்க கையி சும்மா இருக்காது. ஆட்டோ ஏறு, ஏறு" என்றாள். நான் பிறந்த தெருவில்.

ஜப்பான் தூதரக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். கொரட்டூரில் அவள் இல்லை என்று தெரிந்துகொண்டேன். பாஸ்போர்ட் என் பெட்டியில் இருக்கிறது. அது இல்லாமல் எப்படிப் போனாள்? எங்கே இருக்கிறாள்? அவள் அம்மா வீட்டுக்கு எனக்கு வழி தெரியும். பிளேட் எடுத்ததும் நேராக அங்கே போய் நிற்பேன். கை ஒன்று போதும்.

என் மகள் பெயராவது சொல்லுங்கள்.

கிளமென்ட்


மரியே வாழ்க

கொரட்டூர்,
2 ஜூன் 1993

கிளமென்ட்,

கேட்டதற்கெல்லாம் விடை சொல்கிறேன்.

முதல் அடிக்கு நீ முடியை விட்டாய். விட்ட கையோடு, பாயில் கிடந்த குழந்தையின் பக்கம் திரும்பினாய். தூக்கத்தான் போனாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வரை காத்திருக்கவில்லை. இரண்டாவது அடி அதற்கு.

நீ அன்று வருவதற்கு முன்பே நானும் நொரிகோவும் தூதரக அலுவலகத்துக்குப் போய் வந்துவிட்டோம். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நம் மயிலாப்பூர்ப் பெண். ஆங்கிலத்தில் பேசச் சொன்னாள். நான் மறுத்தேன். எனக்குச் சொல்ல வேண்டியதை நான் ஜப்பானியத்தில் தயார் செய்து வந்திருந்தேன். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இவள் என் மருமகள். என் மகன் இவளை அடிக்கிறான். பாஸ்போர்ட் என் மகனிடம் இருக்கிறது. இவள் தன் தாயிடம் போக விரும்புகிறாள்" என்றேன். நாலு வாக்கியங்கள். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே கேட்டார். அவளுடைய முதுகைப் படம் எடுத்துக்கொண்டார்கள். நீ வந்து போன பிறகு உடைந்த நெற்றியையும் எடுத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் புதுத் தாள்கள் கொடுத்தார்கள். என் கல்யாண வளையல்களில் டிக்கெட் வந்தது. எத்திராஜ் விமான நிலையம் வரை துணைக்கு வந்தார்.

அவள் அம்மா வீட்டுக்கு வழி தெரியும் என்கிறாய். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். அங்கே உன்னைத் தங்கவிடும் விசாவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவள் நொரிகோ. அந்தக் கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். படங்களும் அந்த ஊர்ப் போலீசுக்குப் போயிருக்கின்றன. நீ போய் நிற்கலாம். எங்கே நிற்பாய் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

குழந்தையின் பெயரைச் சொல்லும் உரிமை அவள் தாயுடையது. அவளைக் கேட்டு எழுதுகிறேன். அவள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

உன் கைக்காக நான் வருந்துகிறேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் கைக்கு முதன்முதலாகப் பென்சில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். அன்று இரவு உலக்கையைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.

நேற்று ஸ்டேஷன் பக்கத்து போன் பூத்துக்கு அழைப்பு வந்தது. பேசியது நொரிகோவின் தாய். என் வயதுதான் இருக்கும். நெல் வயல்காரி, வேகமாகப் பேசினாள். மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக எனக்கு எடுத்து வைத்தாள்.

குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டேன். குழந்தை நிறையப் பால் குடிக்கிறது என்றாள். நொரிகோ தூங்குகிறாளா? நொரிகோ பகலிலும் தூங்குகிறாள். உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்? கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையைப் பார்க்கிறார்.

பிறகு அவள், எந்தத் தாயும் இன்னொரு தாயிடம் கேட்பதை மரியாதைக்குக் கேட்டாள். உங்கள் மகன் நலமா?

கேட்ட பிறகுதான் அவளுக்கும் உறைத்தது போலிருக்கிறது.  பூத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நலம் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு சொல் இருக்கிறது. பாடம் ஒன்றிலேயே இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை.

"என் மகனை நான் அடித்தேன். என் மகனின் கை உடைந்தது" என்றேன்.

 பிறகு அவள் கேட்டாள்:

"எந்தக் கை?"

"வலது கை."

"நல்லது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்கு வலிக்கிறது என்று முழு வாக்கியத்தில் விடை சொன்னேன்.

உன் தாய்,
ஞானசௌந்தரி